பணி என்னும் சொல்லின் பொருள்வெளி: வேரித்தாஸ் வானொலியின் செய்தி ஒலிபரப்பும் கத்தோலிக்கச் சமூகத் தொண்டும் (1969–1986)

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் ‘பணி’ என்னும் சொல் தொழிலையும் தொண்டையும் ஒருசேரக் குறிக்கும். அதன் வினையடியான ‘பணித்தல்’ கட்டளையிடுதலைக் குறிக்கும். இப்பொருள்கள் மூன்றும் ஒரே நிறுவனத்தின் செயற்பாட்டில் ஒன்றோடொன்று இணைந்தும் முரண்பட்டும் நின்றதற்குப் பிலிப்பைன்சு நாட்டின் வேரித்தாஸ் வானொலி தக்க சான்றாகும். திருச்சபை நிறுவிய இவ்வானொலி 1983 முதல் 1986 வரை அந்நாட்டின் செய்தி வாழ்வில் வகித்த இடத்தையும், 1986 பிப்ரவரித் திங்களில் ஒலிபரப்பாளர் ஜூன் கீத்லியும் இயேசு சபைத் துறவி ஜேம்ஸ் ராய்ட்டரும் ஆற்றிய பங்கையும் இக்கட்டுரை விளக்குகிறது. செய்தியாளரின் கடமையும் சமூகத் தொண்டரின் கடமையும் எவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன, எவ்விடத்தில் பிரிகின்றன என்பதே கட்டுரையின் மையவினா.

திறவுச்சொற்கள்: வேரித்தாஸ் வானொலி, செய்தி ஒலிபரப்பு, கத்தோலிக்கத் திருச்சபை, ஜூன் கீத்லி, மக்கள் ஆற்றல் புரட்சி, தமிழ்ப்பணி.

முன்னுரை

வத்திக்கான் வானொலியும் வேரித்தாஸ் வானொலியும் தத்தம் தமிழ்ப் பிரிவுகளைத் ‘தமிழ்ப்பணி’ என்றே வழங்கி வருகின்றன. கத்தோலிக்கத் தமிழ் வழக்கில் குருவானவர் ‘அருள்பணியாளர்’ எனப்படுகிறார். அரசு அலுவலில் இருப்பவரும் ‘பணியாளர்’ எனப்படுகிறார். கோயிலைப் புதுக்குதல் ‘திருப்பணி’ ஆகிறது. ஊதியத்திற்குச் செய்யும் தொழிலையும் ஊதியம் கருதாத் தொண்டையும் ஒரே சொல் சுட்டுவதால், ‘ஒலிபரப்புப் பணி’ என்னும் தொடரில் அவற்றுள் எது கருதப்படுகிறது என்பது இடம் நோக்கியே தெளிவுபெறும். ‘பணித்தான்’ என்ற வினைமுற்றோ ஏவியவனைச் சுட்டும்.

செய்தி ஒலிபரப்பைத் தொழிலாகக் கொண்டோர் சமய அடிப்படையிலான சமூகத் தொண்டிலும் ஈடுபடுவது பல நாடுகளில் காணப்படுவதே. பெரும்பாலும் அவை இரண்டும் ஒருவர் வாழ்வின் இருவேறு பொழுதுகளில் நிகழ்வன. செய்தி வாசிக்கும் நேரம் ஒன்று. பங்குத்தளத்தில் தொண்டாற்றும் நேரம் மற்றொன்று. அவ்விரண்டும் ஒரே ஒலிவாங்கியின் முன் ஒரே பொழுதில் நிகழ நேர்ந்தால் விளைவது யாது? இவ்வினாவிற்கு விடைதேட மணிலாவின் வரலாறு துணைபுரிகிறது.

1. வானொலியின் தோற்றமும் திருச்சபையின் கொள்கையும்

ஊடகங்களைப் பற்றிய கத்தோலிக்கத் திருச்சபையின் அக்கறை நெடிய வரலாறு உடையது. 1931 பிப்ரவரி 12 அன்று மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தொடங்கிவைத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட சமூகத் தொடர்பு ஊடகங்கள் பற்றிய ஆணையேடு, செய்தியைப் பெறும் உரிமை மனித சமுதாயத்திற்கு உண்டு என ஏற்றது. தெரிவிக்கப்படும் செய்தி எப்போதும் உண்மையாகவும், நீதிக்கும் அன்பிற்கும் உட்பட்ட அளவில் முழுமையாகவும் இருக்கவேண்டும் என்பதும் அதன் கருத்து. 1971-இல் வெளிவந்த ‘கொம்யூனியோ எத் புரோகிரெசியோ’ என்னும் மேய்ப்புப்பணி ஏடு இக்கொள்கையை விரித்துரைத்தது. உண்மை, முழுமை என்னும் இவ்விரு அளவுகோல்களும் செய்தித்துறையின் அளவுகோல்களே என்பது நோக்கத்தக்கது. சமயத் தொண்டின் நோக்கிலும் செய்தி முதலில் செய்தியாக இருந்தாக வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

இச்சங்கத்திற்கு முன்னரே, 1958-இல் மணிலாவில் கூடிய தென்கிழக்காசிய ஆயர்கள் ஆசிய மக்களுக்கென ஒரு கத்தோலிக்க வானொலி தேவை என முடிவுசெய்தனர். மேற்கு செருமனியின் நிதியுதவியோடு அமைக்கப்பட்ட வேரித்தாஸ் வானொலி 1969 ஏப்ரல் 11 அன்று தொடக்கம் பெற்றது. ‘வேரித்தாஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு உண்மை என்பது பொருள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1970 நவம்பரில் மணிலாவிற்கு வந்தபோது இந்நிலையத்திற்கு ஆசி வழங்கினார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 பிப்ரவரி 21 அன்று இங்கிருந்தே ஆசிய மக்களுக்கு வானொலி உரையாற்றினார். சிற்றலையில் பல ஆசிய மொழிகளுக்கான வெளிநாட்டு ஒலிபரப்பு, மத்திய அலையில் உள்நாட்டு ஒலிபரப்பு என இரு பிரிவுகளாக இது இயங்கியது. இக்கட்டுரையின் பெரும்பகுதி உள்நாட்டு ஒலிபரப்பைப் பற்றியதாகும்.

2. மௌனத்தின் நடுவே செய்தி

1972 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் பெர்டினாண்ட் மார்கோஸ் படைத்துறைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது நாளிதழ்களும் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களும் மூடப்பட்டன. மீண்டும் இயங்க இசைவு பெற்றவை ஆட்சியாளருக்கு உகந்தவையாகவோ, அரசியல் செய்தியைத் தவிர்ப்பவையாகவோ இருந்தன. திருச்சபை ஊடகங்களும் முற்றிலும் தப்பவில்லை. 1976-இன் இறுதியில் மின்டனாவோத் தீவில் தாகும், மலாய்பலாய் ஆகிய இடங்களிலிருந்த திருச்சபை வானொலி நிலையங்கள் மூடப்பட்டன. தந்தை ஜேம்ஸ் ராய்ட்டர் நடத்திய ‘த கம்யூனிகேட்டர்’ என்னும் சிற்றேடும் நிறுத்தப்பட்டது.

ராய்ட்டர் 1916-இல் அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில் பிறந்தவர். 1938-இல் பிலிப்பைன்சுக்கு வந்தவர். இரண்டாம் உலகப்போரில் சப்பானியரின் லோஸ் பானியோஸ் முகாமில் சிறைவைக்கப்பட்டவர். நாடகம், வானொலி, தொலைக்காட்சி, இதழியல் ஆகியவற்றில் பல தலைமுறை மாணவரைப் பயிற்றுவித்த அவர், திருச்சபையின் மக்கள்தொடர்பு ஊடக அலுவலகத்தையும் நடத்திவந்தார். பின்னாளில் வேரித்தாசின் ஒலி அணைந்தபோது அவரது இத்தொடர்பு வலையே துணைநின்றது.

படைத்துறைச் சட்டம் 1981 சனவரியில் விலக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டும் ஊடக அச்சம் நீங்கவில்லை. 1983 ஆகத்து 21 அன்று எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அகினோ மணிலா வானூர்தி நிலையத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆகத்து 31 அன்று நடைபெற்ற இறுதி ஊர்வலம் காலையில் தொடங்கி இரவுவரை ஏறத்தாழப் பதினொரு மணிநேரம் நீடித்தது. சாலையின் இருமருங்கும் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். அந்நிகழ்வை முழுமையாக நேரடியாக ஒலிபரப்பிய நிலையம் வேரித்தாஸ் ஒன்றே. நகர் முழுதும் கண்ட ஒன்றைப் பிற ஊடகங்கள் காணாததுபோல் விடுத்த அந்நாளில், கண்டதைக் கண்டவாறு சொன்னதே அரிய செயலாயிற்று.

 ஊர்வலம் எந்தத் தெருவில் வருகிறது, எத்துணைப் பேர் நிற்கின்றனர் என்ற எளிய செய்திகளை வேரித்தாஸ் தந்தது. செய்தித்தொழிலை அதன் இலக்கணப்படி செய்ததே அங்குத் தொண்டாக அமைந்தது. தொழிலும் தொண்டும் முழுமையாக ஒன்றுபட்ட நிலை என இதனைக் குறிக்கலாம்.

3. தேர்தலும் எண்ணிக்கையும்

1986 பிப்ரவரி 7 அன்று நடைபெற்ற திடீர்க் குடியரசுத் தலைவர் தேர்தலில் மார்கோசும் அகினோவின் துணைவியார் கொரசோனும் போட்டியிட்டனர். ‘நம்ஃப்ரல்’ எனப்பட்ட குடிமக்கள் தேர்தல் கண்காணிப்பு இயக்கம் தன் விரைவு எண்ணிக்கையை லா சால் கிரீன்ஹில்ஸ் கத்தோலிக்கப் பள்ளியின் விளையாட்டரங்கில் நடத்தியது. வாக்குச்சாவடிகளில் பொதுநிலையினரும் அருள்சகோதரியரும் வாக்குப்பெட்டிகளைக் காத்து நின்றனர். பங்குத்தளங்களிலிருந்து வந்த செய்திகளும் கண்காணிப்பு இயக்கத்தின் எண்ணிக்கையும் வேரித்தாஸ் வழியாக மக்களை அடைந்தன.

இங்குச் சமூகத் தொண்டின் வலைப்பின்னலே செய்தி திரட்டும் வலைப்பின்னலாக மாறியதைக் காண்கிறோம். நாடெங்கும் நிருபர்களை அமர்த்த ஒரு வானொலிக்குப் பெரும்பொருள் தேவை. பங்கும் பள்ளியும் கன்னியர் மடமும் உள்ள ஊர்களில் செய்தி அனுப்பும் ஆள் ஏற்கெனவே இருந்தார். அவர் ஊரார் அறிந்தவர், ஊராரையும் அறிந்தவர். ஆதலால் அவர் சொல்லுக்கு ஊரின் நம்பிக்கை பிணையாக நின்றது.

பிப்ரவரி 9 அன்று இரவு, தேர்தல் ஆணையத்தின் கணினி எண்ணிக்கையில் ஈடுபட்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்டோர், தாம் பதிந்த எண்களும் வெளியிடப்பட்ட எண்களும் வேறுபடுவதாகக் கூறி வெளியேறினர். பக்லாரன் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தனர். பிப்ரவரி 15 அன்று நாடாளுமன்றம், மார்கோஸ் ஏறத்தாழ 108 இலட்சம் வாக்குகளும் அகினோ ஏறத்தாழ 93 இலட்சம் வாக்குகளும் பெற்றதாக அறிவித்தது. கண்காணிப்பு இயக்கம் தனக்குக் கிடைத்த சாவடிகளின் கணக்கில் அகினோவிற்கு 78 இலட்சமும் மார்கோசுக்கு 70 இலட்சமும் எனக் கூறியது. இரு கணக்குகளில் எது உண்மை என்பது செய்தித்துறையின் வினாவாக இருந்தவரை, பொய்க்கணக்கிற்கு இணங்கலாமா என்பது அறத்தின் வினாவாயிற்று. ஆயர் பேரவை வெளியிட்ட அறிக்கை, மோசடியால் பெற்ற ஆட்சிக்கு அறவழித் தகுதி இல்லை எனத் தெளிவாக்கியது.

4. செய்தி கட்டளையாதல்

பிப்ரவரி 22 அன்று பாதுகாப்பு அமைச்சர் ஹுவான் போன்சே என்ரிலேயும் படைத்துறைத் துணைத்தலைவர் ஃபிடல் ராமோசும் மார்கோசுக்கு எதிராக முகாமிட்டனர். அன்றிரவு மணிலாப் பேராயர் கர்தினால் ஹைமே சின் வேரித்தாஸ் வழியாகப் பேசினார். முகாமிலிருப்போருக்கு ஆதரவாக ‘எட்சா’ நெடுஞ்சாலைக்குச் செல்லுமாறும், உணவு கொண்டுசெல்லுமாறும் மக்களை வேண்டினார். தவமடங்களின் கன்னியரை நோன்பிருந்து வேண்டுதல் செய்யுமாறும் அவர் கேட்டுக்கொண்டார். மக்கள் இரவோடிரவாகச் சாலையில் திரண்டனர்.

இப்பொழுதில் வானொலியின் மொழி மாறியது. ‘இது நிகழ்ந்தது’ என்ற அறிவிப்பு, ‘இதனைச் செய்க’ என்ற ஏவலாயிற்று. எந்த வாயிலில் ஆள் குறைவு, எத்திசையிலிருந்து பீரங்கி வண்டி வருகிறது என்ற செய்தி, கேட்போரை அவ்விடம் நோக்கிச் செலுத்தும் பணிப்பாகவும் இருந்தது. இலக்கணநோக்கில் கூற்றுவினையாக அமைந்த தொடர் பயன்பாட்டில் ஏவல்வினையாக இயங்கியது எனலாம்.

இதனை ஆட்சியாளரும் உணர்ந்தனர். பிப்ரவரி 23 விடியற்காலையில் மலோலோசிலிருந்த வேரித்தாசின் ஒலிபரப்புக் கருவிகளை ஆயுதமேந்தியோர் சிதைத்தனர். குறைந்த ஆற்றலுடைய மாற்றுக் கருவியைக் கொண்டு அன்று மாலைவரை ஒலிபரப்புத் தொடர்ந்தது. பின்னர் அதுவும் ஓய்ந்தது.

5. ஜூன் கீத்லி: ஒலிவாங்கியின் முன் ஒருவர்

அந்நாள்களில் வேரித்தாசின் ஒலிவாங்கியின் முன் இருந்தவர்களுள் ஜூன் கீத்லி முதன்மையானவர். சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொகுப்பாளராக வீடுகள்தோறும் அறியப்பட்டவர் அவர். மக்கள் அவர் குரலை முன்னரே அறிந்திருந்தமை நெருக்கடியில் பெரும் வலிமையாயிற்று. முகம் தெரியாத இருளில் அறிந்த குரலையே மனம் பற்றிக்கொள்ளும்.

வேரித்தாஸ் ஓய்ந்த இரவில், ராய்ட்டரின் ஏற்பாட்டில் கீத்லி சிறு குழுவினரோடு ‘டிசட்ஆர்ஜே’ என்னும் தனியார் நிலையத்தின் கூடத்திற்குச் சென்றார். அது குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து தொலைவில் இல்லை. இருக்குமிடத்தை வெளியிடாமல் ‘ராட்யோ பண்டிடோ’ என்ற பெயரில், 1953 தேர்தலில் ரமோன் மகசேசேவிற்காகப் பாடப்பட்ட பரப்புரைப் பாடலை முதலில் ஒலிக்கவிட்டு, பிப்ரவரி 24-இன் தொடக்கப் பொழுதில் அவர் பேசத் தொடங்கினார். உதவிக்கு இருந்தவர்களுள் பதின்பருவச் சிறுவர் இருவரும் அடங்குவர். காவலுக்கு ஆயுதம் எதுவுமில்லை. ராய்ட்டர் அனுப்பிய அருள்சகோதரியர் கட்டடத்தின் படிக்கட்டுகளில் அமர்ந்து செபித்துக்கொண்டிருந்தனர். மேலேறி வரும் படைவீரர் அவர்களைக் கடந்தே வரவேண்டும் என்பதே ஏற்பாடு.

தொழிலும் தொண்டும் இணைந்த நிலைக்கு இப்படிக்கட்டு ஒரு சிறந்த சான்று. மேலே ஒலிபரப்பாளர் ஒருவர் தம் தொழிலைச் செய்கிறார். கீழே துறவியர் தம் உடலால் அத்தொழிலைக் காக்கின்றனர். ஒன்றில்லையேல் மற்றொன்று பயன்படாது.

6. பிழைபட்ட செய்தி

இவ்வரலாற்றில் விடுத்துச் செல்லக்கூடாத நிகழ்வு ஒன்றுண்டு. பிப்ரவரி 24 காலையில், மார்கோஸ் குடும்பத்தினர் நாட்டைவிட்டு வெளியேறிவிட்டனர் என்ற செய்தியைக் கீத்லி ஒலிபரப்பினார். நெடுஞ்சாலையில் மக்கள் ஆடிப்பாடி மகிழ்ந்தனர். சில மணிநேரத்திற்குள் மார்கோஸ் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றினார். தாம் மாளிகையிலேயே இருப்பதாகக் காட்டினார். கிளர்ச்சிப் படையினர் அந்நிலையத்தைக் கைப்பற்றியதால் அவ்வொளிபரப்பு இடையில் அறுந்தது. எனினும், வெளியேறினார் என்ற செய்தி பொய்யென்பது அதற்குள் வெளிப்பட்டுவிட்டது. மார்கோஸ் வெளியேறியது மறுநாள் பிப்ரவரி 25 இரவில்தான்.

உண்மை என்பதையே பெயராகக் கொண்ட வானொலியின் வழிவந்த ஒலிபரப்பில் இப்பிழை நேர்ந்தது. இதன் காரணங்கள் ஆராயத்தக்கவை. முதலாவது, சூழல்: தொலைபேசி வழி வந்த தகவலைச் சரிபார்க்க நிருபரோ நேரமோ இல்லை. இரண்டாவது, விழைவு: சொல்பவரும் கேட்பவரும் எதிர்பார்த்திருந்த செய்தி அது. விரும்பாத செய்திக்குச் சான்று கேட்கும் மனம், விரும்பிய செய்திக்குச் சான்று கேட்க மறந்துவிடுகிறது. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் ஒற்றர் மூவரின் சொல் ஒத்தாலன்றித் தெளியலாகாது என்ற நெறியை வகுத்திருப்பது இம்மன இயல்பைக் கருதியே எனலாம்.

இப்பிழை போராட்டத்திற்கு நன்மை பயத்ததாகவும் வாதிடலாம். ஆட்சி முடிந்தது என்ற எண்ணம், தயங்கிநின்ற படையினரை மாற்றியிருக்கக்கூடும். ஆயினும் அவ்வாதம் செய்தியாளருக்கு உரியதன்று. நன்மை பயக்கும் பொய்யைச் செய்தியாளர் ஏற்பாராயின், வாக்குக்கணக்கைத் திரித்தவர்களுக்கும் அவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு நோக்கத்தில் மட்டுமே எஞ்சும்; செயலில் எஞ்சாது. கீத்லி அறிந்தே பொய் உரைத்தார் என்று கொள்ள இடமில்லை, நம்பியே உரைத்தார். அந்நம்பிக்கையே இங்கு ஆய்வுக்குரியது. தொண்டின் ஆர்வம் தொழிலின் ஐயத்தை வென்றுவிட்ட கணம் அது.

7. பின்வந்த நாள்களும் தமிழ்த் தொடர்பும்

வேரித்தாஸ் வானொலிக்கு 1986-ஆம் ஆண்டின் இதழியல், இலக்கியம், படைப்புத் தொடர்புக் கலைகளுக்கான ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது. ராய்ட்டர் 1989-இல் அவ்விருதைப் பெற்றார்; 2012 டிசம்பர் 31 அன்று மறைந்தார். கீத்லி பிற்காலத்தில் மரியன்னை பக்தி சார்ந்த ஆவணப்படங்களில் கருத்தைச் செலுத்தினார். 2013 நவம்பர் 24 அன்று காலமானார். அவர் வாழ்வில் ஒலிபரப்பும் சமயத் தொண்டும் ஒன்றாகவே தொடர்ந்தன. ஏவற்குரல் மட்டும் நான்கு நாள்களோடு நின்றது.

வெளிநாட்டு ஒலிபரப்பு ‘வேரித்தாஸ் ஆசிய வானொலி’யாகத் தனித்து இயங்கியது. அதன் தமிழ்ப்பணி, பிலிப்பைன்சிலிருந்து சிற்றலை வழியே தமிழகத்திற்கும் இலங்கைக்கும் வந்தடைந்தது. நேயர் கடிதங்களும் நேயர் மன்றங்களும் அதன் உயிர்நாடியாக விளங்கின. 2018-இல் சிற்றலை ஒலிபரப்பு நிறுத்தப்பட்டு இணையவழிக்கு மாற்றப்பட்டது. மணிலாவில் பங்குத்தளங்கள் செய்தி வலைப்பின்னலாக அமைந்தமைக்கும், தமிழ் ஊர்களில் நேயர் மன்றங்கள் கேட்போர் வலைப்பின்னலாக அமைந்தமைக்கும் உள்ள ஒப்புமை தனி ஆய்விற்குரியது. சிற்றலையின் மறைவோடு அம்மன்றங்களின் கடிதங்களும் மறைந்துபோகாமல் தொகுக்கப்படுதல் தமிழ் ஊடக வரலாற்றிற்கு இன்றியமையாதது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1983-இன் இறுதி ஊர்வல ஒலிபரப்பில், செய்தியைச் செய்தியாகத் தந்ததே தொண்டாயிற்று. 1986 தேர்தலில், சமூகத் தொண்டின் வலைப்பின்னல் செய்திக்கு ஆள்வலிமையும் நம்பகமும் அளித்தது. பிப்ரவரி 22 இரவுமுதல், செய்தி ஏவலாக மாறியது. அம்மாற்றம் உயிர்களைக் காத்தது எனினும், செய்தியைச் சரிபார்க்கும் இடைவெளியைக் குறைத்தது. பிப்ரவரி 24 காலைப் பிழை அதன் விளைவு.

எனவே, செய்தித்தொழிலும் சமயவழித் தொண்டும் இயல்பாகவே பகையானவை என்பதும், இயல்பாகவே ஒன்றானவை என்பதும் ஏற்கத்தக்கன அல்ல. தொண்டு, செய்திக்குத் துணிவையும் வேர்களையும் தருகிறது. தொழில், தொண்டிற்கு ஐயுறும் ஒழுக்கத்தைத் தருகிறது. பின்னதைக் கைவிட்டால் முன்னதன் பயனும் குன்றும். பதினொரு மணிநேரம் ஊர்வலத்தை உள்ளவாறு சொன்ன வானொலி என்பதால்தான், ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அவ்வானொலி அழைத்தபோது மக்கள் வீட்டைவிட்டு வெளியே வந்தனர். பணித்தற்குரிய தகுதியை வேரித்தாஸ் பணியால் ஈட்டியிருந்தது.